முள்ளம்பன்றிக்கு ஒரு முத்திரை

பக்க முனையை மடிப்பவர்களைக் கண்டாலே, புத்தகம் தைக்கும் பைண்டர் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "புஸ்தகத்தோட காதை முறுக்குறீங்களே, உங்க காதை முறுக்கினா தெரியும்!" என்று வாடிக்கையாளரையே வைவாள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு நாளாகக் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, தன் அக்கா எழுதிய நாவலைத் தாள் தாளாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆலைத் தீயில் செத்தவர்களைப் பற்றி அக்கா ஆறு வருடம் அலைந்து எழுதிய நாவல். அரசாங்கத் தடை வந்ததும் பிரதிகளையெல்லாம் பிடுங்கி அரைத்துக் கூழாக்கிவிட்டார்கள். தைக்கக் கொடுத்திருந்த இந்த ஒன்றுதான் மிச்சம். தடைப் பட்டியலும் கையுமாக ஓர் அதிகாரி கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒளித்து வைக்கும் சாமர்த்தியம் இவளுக்குக் கிடையாது. பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மடித்ததை மேசைமேலேயே வைத்தாள்.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார்.

"என்னம்மா இது?"

"முள்ளம்பன்றி சார். கைவினைக் கண்காட்சிக்கு."

தொட்டுப் பார்த்தார். மடிப்பு முனை விரலில் குத்தியது. "இதைப் படிக்க முடியுமா?"

"இப்படியே இருந்தா முடியாது சார்."

"படிக்க முடியலேன்னா அது புஸ்தகமே இல்ல" என்று தாமே தீர்ப்புச் சொல்லி, 'பொம்மை' என்று சீட்டெழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மேசையைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"அவங்கதான் என் வாயை மூடினாங்கன்னா, நீயுமாடி?"

பைண்டர் அம்மா முள்ளம்பன்றியை அக்கா பக்கம் நகர்த்தினாள். "ஒரு இடத்துலகூடப் பசை வைக்கலக்கா. கத்தியும் படல. நீயே பிரிச்சுப் பாரு."

அக்கா ஒரு முள்ளைப் பிரித்தாள். தீயில் போன, ஆலையில் நூல் நூற்ற ஒருத்தியின் பெயர் முழுசாக இருந்தது. படித்தாள். பிறகு, அதே மடிப்பில் மெல்ல மடித்து வைத்தாள்.

கண்காட்சியில் அதிகாரியின் சீட்டு பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது. முதல் நாள் யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் ஆலைத் தெருக்காரி ஒருத்தி ஒரு முள்ளைப் பிரித்துப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மடித்து வைத்தாள். அப்புறம் வரிசை வாசல் வரை நின்றது.

கடைசி நாள் முள்ளெல்லாம் துவண்டு, அழுக்கேறி, முள்ளம்பன்றி தலையணை மாதிரி கிடந்தது. பைண்டர் அம்மா ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் வையவில்லை.