நெற்களஞ்சியச் சுவர்

மூன்று வருடங்களுக்கு முன் செஞ்சிக் கோட்டைக்குப் போனபோது, நெற்களஞ்சியச் சுவரில் என் மகள் இனியா ஹேர்பின்னால் தன் பெயரைக் கீறிவிட்டாள். நான் திருவண்ணாமலையில் வரலாற்று வாத்தியார். விடுவேனா? எல்லோர் முன்னாலும் திட்டி, கல்லை எடுத்துக் கொடுத்து அவளையே தேய்க்க வைத்தேன்.

"எல்லாரும்தாம்ப்பா எழுதியிருக்காங்க," என்று அழுதுகொண்டே தேய்த்தாள்.

போன ஆடியில் டெங்குவில் போய்விட்டாள். அந்தப் பெயரில் ஓரெழுத்தாவது மிச்சமிருக்குமா என்று பார்க்க, இன்று மனைவி ரேணுகாவோடு பஸ் ஏறி வந்தேன்.

மாறன், அபிநயா, அம்பு துளைத்த இதயங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வெறும் சுவர்.

ரேணுகா அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நல்லா தேச்சிருக்கா பாருங்க. சொன்னா கேக்கற பொண்ணுங்க அவ."