ரெக்ஸுக்குப் போட்ட சிப்

நுகேகொடை மிருக வைத்தியரிடமிருந்து திரும்பிய கொன்ஸ்ரன்ரைன், வேலைக்காரி வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு ரெக்ஸின் பிடரி மயிரை விலக்கிக் காட்டினார். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"உள்ளுக்க ஒரு சிப் கிடக்கு. அரிசி மணி அளவுதான். நாங்கள் ஒஸ்ட்ரேலியாவுக்குப் போகேக்க இது இல்லாம இவனை விடமாட்டாங்கள். மிஷினைப் பிடிச்சா இவன் ஆர்ட நாய், எல்லாம் வந்திடும்."

"எங்கெங்க போச்சுன்னும் வருமாங்க சேர்?"

"வராம? நடக்கக் கூட்டிப்போறனெண்டு நீ எங்க போய்க் குந்தியிருக்கிறாய் எண்டும் வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது பகிடியா, வேவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, தினம் ஐந்து மணிக்கு நாயோடு அவள் போவது ஜிந்துப்பிட்டியில் தன் அறைக்கு. அங்கே அவள் புருஷன் ராமையா இருந்தான். மூட்டை சுமந்து பிடரித் தோல் காய்த்தவன். தேயிலைத் தோட்டத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டதால் அடையாள அட்டை இல்லாதவன். பொலிஸில் கட்டாயம் கொடுக்கவேண்டிய குடியிருப்போர் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. கூட மூட்டை தூக்கிய இருளப்பனை, அட்டை இல்லாத தமிழன் புலியாயிருக்கலாமென்று, போன மாதம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் ஆளைக் காணோம். அதிலிருந்து ராமையா வாசலுக்கும் வருவதில்லை.

அன்று சந்திக் காவலில் நின்ற சிப்பாய் ரெக்ஸின் கழுத்தைத் தடவினான். ஊசி போட்ட அதே இடத்தில். மற்ற நாட்களில் தலையைத்தான் தடவுவான். நாயை அறைவரை கொண்டுபோக வெள்ளையம்மா துணியவில்லை. ஒழுங்கை முனையில், ராசிக்கின் தேத்தண்ணிக் கடைத் தூணில் சங்கிலியைக் கட்டினாள்.

"என்னத்துக்கு இங்க கட்டுறீங்க?" என்றார் ராசிக். "சும்மா கிடக்கிற பேக்கக் கண்டாலே பொலிஸுக்குச் சொல்ற காலம்."

"நாய்தானே, ராசிக் நானா. வெடிக்கவா போகுது?"

"வாய்க்கு ஒண்டும் குறச்சல் இல்ல. கெதியா வாங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ரெக்ஸ் குரைத்த குரைப்பு ஒழுங்கை முழுதும் கேட்டது. அறைக்கு வெளியே தொங்கிய பூட்டைக் கொண்டுவந்த சாவியால் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சிப்பைப் பற்றிச் சொன்னாள். ராமையா சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"நாயவே பதிஞ்சுட்டாங்களா? சேர்கிட்ட சொல்லி எனக்கும் ஒன்னு போட்டு விடச் சொல்லு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குரைப்பு நின்றிருந்தது.

கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டான் பாரு, அவுத்துக்கிட்டு," என்று ராமையா எச்சில் கையோடு எழுந்தான். வெள்ளையம்மா பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். ரெக்ஸ் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. சங்கிலி தரையில் கிடக்கவில்லை. விறைப்பாக மேலே போய், காக்கிக் கையொன்றில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவனைத் தடுக்கப் பக்கத்தில் நீட்டிய அவள் கை, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டிருந்த அவன் கையிலிருந்த சோற்றுப் பருக்கைகளைத்தான் பிடித்தது.