கவுன்சிலர் எழுதிய கடிதம்

செவிலிமேட்டுச் சாயப்பட்டறையில் விடிவதற்கு முன்பே அடுப்புகள் எரிந்தன. பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் கோத்து, கொதிக்கும் தொட்டியில் முக்கித் தூக்கிக்கொண்டிருந்தாள் லில்லி. ஆவியில் முகம் வெந்தது. பத்து மணிக்கு அவள் மாநகராட்சிக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அந்த வார்டின் கவுன்சிலர் அவள்தான்.

வார்டு பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது பட்டறை முதலாளி நமச்சிவாயம் அவளை நிறுத்தினார். ஜெயித்த பிறகு லெட்டர்பேடும் முத்திரையும் அவர் மேசையிலேயே கிடந்தன. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முதலில் உறுத்தியது. பிறகு மரத்துப்போனது.

அன்று பக்கத்து அடுப்பின் செங்கல் சரிந்து தொட்டி சாய்ந்தது. கொதிநீர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த எல்லம்மாளின் இரண்டு கால்களிலும் கொட்டியது. செங்கல் ஆடுகிறது என்று முதலாளியிடம் அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். லில்லியும் உடன் வேலை செய்யும் கலையரசியும் அவளை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அலறல். லில்லிக்கு அது எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

மறுநாள் காலை நமச்சிவாயம் லெட்டர்பேடை நீட்டினார்.

“நாளைக்குத் தொழிலாளர் துறையில இருந்து விசாரிக்க வராங்க. எல்லம்மா வீட்ல சோறு வடிக்கறப்போ கஞ்சி கொட்டிக்கிச்சுன்னு எழுதிக் குடும்மா.”

“பட்டறையிலதான கொட்டிச்சு, மொதலாளி?”

“எனக்குத் தெரியாதா? அடுத்த வாட்டியும் நீதான் நிக்கப்போற. மண்டலத் தலைவராக்கணும்னு கட்சியில பேசிக்கினு இருக்கேன்.”

அந்தப் பதவி மேல் அவளுக்கு ஆசை இருந்தது. மன்றத்தில் எழுந்து பேச வீட்டில் தனியாகப் பழகிக்கூடப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த ஆசை வேறு யாருடையதோ போலிருந்தது.

பேனாவை எடுத்தாள். பட்டறையில், அடுப்புச் செங்கல் சரிந்து, என் கண்ணெதிரே நடந்தது என்று எழுதி முத்திரை குத்தினாள்.

படித்துவிட்டு நமச்சிவாயம் தாளைக் கிழித்தார். “நான் நிறுத்தலன்னா நீ யாரு?”

“ஓட்டுப் போட்டவங்களைத்தான் கேக்கணும்.”

“இனிமே வேலைக்கு வராத.”

“செரி.”

பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. லெட்டர்பேடையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அதையே மறுபடி எழுதினாள். கலையரசி கழியை வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“நானுந்தான பாத்தேன். என் பேரையும் போடுக்கா.”

நரைத்த தலையோடு சின்னப்பையனும் தன் தொட்டியை விட்டு வந்து குந்தினார். “செங்கல் ஆடுதுன்னு எல்லம்மா சொல்லச்சொல்ல நானும் பக்கத்துலதான் இருந்தேன். எழுதிக்கம்மா.”

ஒவ்வொருவராக ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.

“நூல் கெட்டுப்போவுது! போய் வேலையப் பாருங்க!” வாசலில் நின்று நமச்சிவாயம் கத்தினார். யாரும் எழவில்லை.

“நாளைக்கு ஆபீசர் கேட்டா பயப்படாம சொல்லுவீங்களா?” என்று கேட்டாள் லில்லி.

“நீ மொதல்ல நில்லு. நாங்க பின்னாலயே நிக்கறோம்,” என்றார் சின்னப்பையன்.

“பின்னால வேணாம்ணா. பக்கத்துல நில்லுங்க.”

கடிதத்தை முதலில் எல்லம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாள் கலையரசி. மருத்துவமனைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க எல்லோரும் ஒன்றாக நடந்தார்கள்.