வழிக்காத நாக்கு

ஜெயமலருக்கு விடுப்பு, அதாவது அடுத்தவர் சங்கதி அறிகிற ஆசை, கொஞ்சம் கூட. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் குப்பைப் பெட்டியில் பீட்சா அட்டை கிடந்தால், அந்த வீட்டில் யார் சமைக்கவில்லை, ஏன் சமைக்கவில்லை என்று அறியும்வரை அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது. வோபர்னில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் சொந்த மனுசன் ஏன் நித்திரை கொள்கிறார் இல்லை என்பது மட்டும் பிடிபடவில்லை.

சிவபாதம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். பனி கரைந்த நாளிலிருந்து கட்டிலில் கிடந்து புரளுகிறார். நெஞ்சைத் தடவுகிறார், எழும்பிக் குந்துகிறார், வயிற்றுக் காற்று மேலே வர ஏவறை விடுகிறார், மறுபடி படுக்கிறார். விடிந்தால் கண் இரண்டும் கோவைப்பழம். போன கிழமை ஒரு சிக்னலில் பஸ்ஸை நிற்பாட்டியவர், பச்சை விழுந்தது தெரியாமல் கண் சொருகிவிட்டார். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்துத்தான் எழுப்பினான். பஸ் நிறையப் பிள்ளைகள்.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படிக்கட்டில் இருந்தார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா நானே பஸ் திறப்பைக் குடுத்திட்டு வந்திடுவன். சின்னப் பிள்ளையளின்ர உயிரோட விளையாடேலாது" என்றார். அந்த வேலையை விட்டால் மனுசன் உடைந்து போவார் என்பது ஜெயமலருக்குத் தெரியும். காலையில் கையசைத்துக்கொண்டு ஏறும் பிள்ளைகளின் கதைகளைத்தான் அவர் பின்னேரம் முழுக்கச் சொல்லுவார்.

குடும்ப டொக்டர் நித்திரைக் குளிசை எழுதினார். காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கக்கூடும் என்றும் சொன்னார். பஸ் ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதும், குளிசையை வாங்கவே இல்லை. பிறகு ஜெயமலர் தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். சாதிக்காய் உரைத்த பால், கசகசா அரைத்த பால், மஞ்சள் போட்ட பால், உச்சந்தலைக்கு நல்லெண்ணெய்.

"என்னப்பா, என்னைத் தாளிக்கப் போறீரோ?" என்று கேட்டார் சிவபாதம். ஆனாலும் கொடுத்ததை எல்லாம் குடித்தார். பலன்தான் இல்லை.

அவளுக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்ன பிறகு, மனுசன் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தினமும் நடக்கப் போகிறார். நல்ல இடமாகப் பார்த்து நடக்க வேண்டும் என்று காரில் போய், பத்து மணிக்கு வருகிறார். இவ்வளவு நடந்தும் பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டி வந்திருக்கிறது. நித்திரை இல்லாத ஊதலாக்கும் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவள் வேலை செய்யும் பெட்டி அடிக்கிற கொம்பனியில் மே என்று ஒரு சீனத்தி பக்கத்தில் நிற்பாள். அவள்தான் ஷெப்பர்ட் வீதிப் பிளாசாவில் இருக்கும் சீன வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். "சாப்பாட்டாலேயே சரிப்படுத்தலாம்" என்றாள். ஜெயமலருக்கு அதற்கு மேல் கால் தரையில் நிற்கவில்லை. சீனர் கடைக் கண்ணாடிப் போத்தல்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று அவள் எத்தனையோ வருடமாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறவள்.

வைத்தியர் என்றதும் நரைத்த தாடிக் கிழவர் ஒருவரை எதிர்பார்த்துப் போனார்கள். ஓட்டச் சப்பாத்துப் போட்ட நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து கைகொடுத்தாள். பெயர் ஸ்டெபனி. ஜெயமலருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவள் கேட்ட கேள்விகளில் ஏமாற்றம் பறந்துவிட்டது. கால் குளிருமா, காது இரையுமா, கனவு வருமா, வந்தால் துரத்துகிற கனவா விழுகிற கனவா? இவள் என்னையும் வென்ற விடுப்புக்காரி என்று ஜெயமலர் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். கேள்வி சிவபாதத்தைப் பார்த்து வந்தாலும் மறுமொழி ஜெயமலரிடமிருந்துதான் போனது, அவளுக்குத் தெரிந்த இங்கிலீசில்.

"இரவு எப்போது சாப்பிடுவார்?"

"ஏழு மணிக்கு. புட்டு, ஒரு கறி. பிறகு நடக்கிறவர்."

"நான் அவரைக் கேட்டேன்" என்றாள் ஸ்டெபனி, சிரித்துக்கொண்டே.

"ஓம், அதுதான்" என்றார் சிவபாதம், சுவரில் இருந்த படத்தைப் பார்த்து.

பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள். சிவபாதம் நீட்டினார். ஸ்டெபனி லைட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள், சரித்துப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். "இதில் ஒன்றுமே இல்லையே. காலையில் நாக்குக்கு ஏதாவது செய்தீர்களா?"

"வழிச்சவர்" என்றாள் ஜெயமலர், பெருமையாக. "நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் வழிக்கிறனாங்கள். இண்டைக்கு டொக்டரிட்டக் காட்டப் போறம் எண்டு ரெண்டு தரம் வழிக்கச் சொன்னனான்." வளைந்த தகட்டால் வழிப்பதை விரலால் செய்தும் காட்டினாள்.

ஸ்டெபனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நாக்கின் மேலே படிகிற படையைப் பார்த்துத்தான் வயிற்றின் சேதி தெரியும் என்றும், வாத்தியார் வாசிக்க முதலே கரும்பலகையை அழித்துவிட்டுக் கூட்டி வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள். "அடுத்த முறை வழிக்காமல் வாருங்கள். மூன்று நாளைக்கு. நீங்கள் சொன்ன மஞ்சள் பாலும் வேண்டாம், அது நாக்கைச் சாயம் போட்டுவிடும். அதுவரை நான் மருந்து தர மாட்டேன், சாப்பாடு மட்டும் சொல்கிறேன்."

ஸ்டெபனி எழுதித் தந்த கஞ்சிச் சாமான் வாங்கப் பக்கத்திலிருந்த கடையில் ஜெயமலர் ஒரு மணி நேரம் நின்றாள். சுருங்கிய சிவப்புப் பழத்தைக் கையில் எடுத்ததும் கத்திவிட்டாள். "இஞ்சேருங்கோ, உது எங்கட இலந்தைப்பழத்தின்ர சாதியல்லோ!" தாமரை விதை தெரிந்தது. மஞ்சள் மணி தினைதான் என்று வாயில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். லில்லிக் கிழங்கு என்று எழுதிய பொட்டலத்தை மட்டும் தொட்ட கையை எடுத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த லில்லி கார்த்திகைப்பூ. அதன் கிழங்கைத் தின்றால் ஒரேயடியாக நித்திரைதான். கடைக்காரி இது வேறு, சமைத்துச் சாப்பிடுவது என்று சொல்லியும் கேட்கவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து சிவபாதம் நடந்துவிட்டு வந்ததும் ஒரு கோப்பை தாமரை விதைக் கஞ்சி தயாராக இருக்கும், இலந்தைப்பழம் மிதக்க. அவர் கோப்பையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு மருந்து குடிக்கிற முகத்தோடு குடித்து முடிப்பார். நித்திரை இன்னும் மோசமானது. புரளுவது போக இப்போது முனகவும் தொடங்கிவிட்டார்.

நாக்கு வழிக்காத மூன்று நாளும் வீட்டில் பெரிய பாடு. வழிக்காத வாயோடு சாமி அறைக்குள் போகலாமா கூடாதா என்பதில் ஜெயமலருக்கே தெளிவில்லை. வாசலில் நின்று கும்பிடச் சொன்னாள். பஸ்ஸில் பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொண்டு "குட் மோர்னிங்" சொன்னதாக அவர் வந்து முறைப்பட்டார்.

மறுபடி போனபோது அவர் நாக்கை நீட்டினார். ஜெயமலரும் எட்டிப் பார்த்தாள். ஐயோ கடவுளே! தோசை மாவை ஊற்றி வைத்ததுபோல் தடித்து, பின்பக்கம் மஞ்சள் பிடித்துக் கிடந்தது. இந்த மனுசனோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் இந்த நாக்கை அவள் கண்டதில்லை.

ஸ்டெபனி நாடி பிடித்துப் பார்த்தாள். வயிற்றை அமத்தினாள். "போன முறை காரணம் கவலையாக இருக்கும் என்று நினைத்தேன், அது பிழை" என்றாள். "இது செமிக்காத சாப்பாடு. வயிறு இரவு முழுக்க வேலை செய்தால் ஆள் எப்படித் தூங்குவது? ஏழு மணிக்குப் புட்டு. சரி. அதற்குப் பிறகு?"

"கஞ்சி" என்றாள் ஜெயமலர்.

"ஒரு கோப்பைக் கஞ்சி இப்படிச் செய்யாது. இரண்டுக்கும் நடுவில்?"

"நடக்கிறவர்."

ஸ்டெபனி அவளைப் பார்க்கவில்லை. சிவபாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாக்கை உள்ளே இழுத்து வாயை மூடினார். ஜெயமலரும் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது மணிக்குப் பேந்தும் ஒருக்காச் சாப்பிடுறனான்" என்றார் சிவபாதம் தமிழில், தரையைப் பார்த்து.

"எங்க?"

சிவபாதம் சேட்டுப் பொத்தானைத் திருகினார்.

"ஆற்ற வீட்டிலயப்பா?" இன்னொரு வீடு, இன்னொரு அடுப்பு, இன்னொருத்தி. ஒரு நிமிடத்துக்குள் ஜெயமலர் எங்கெங்கோ போய் வந்துவிட்டாள்.

"கிருபன்ர வீட்டில."

கிருபன் அவருடைய தம்பி. ஏழு வருடமாக அந்தப் பெயர் இந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. மகள் லக்சிகாவின் கல்யாண மண்டபத்தில், உள்ளே போனது கொஞ்சம் கூடிப்போய், மைக்கைப் பிடித்தான் கிருபன். "முதல் பேசி வந்த டொக்டர் மாப்பிள்ளையைவிட இந்த மாப்பிள்ளை எவ்வளவோ தங்கம்" என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னான். முதல் ஒருத்தரைப் பேசிக் குழம்பியது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அந்த முகங்கள் கறுத்ததை ஜெயமலர் இன்னும் மறக்கவில்லை. "உவன்ர வாசல்படி மிதிச்சா என்ர வாசல்படி மிதிக்கக் கூடாது" என்று அன்றிரவே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

ஸ்டெபனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது விளங்கியிருக்க வேண்டும். சாப்பாடு செமிக்கவென்று வேறொரு சிவப்புப் பழத்தின் காய்ந்த வில்லைகளும் தோடம்பழத் தோலும் பொட்டலம் கட்டித் தந்து, அவித்துக் குடிக்கச் சொன்னாள். "மற்றது, ஒரே ஒரு இரவுச் சாப்பாடு. ஆறு மணிக்கு. எங்கே என்று நீங்கள் இருவரும் பேசித் தீர்மானியுங்கள்."

காருக்குள் ஏறிப் பெல்ட்டைப் போட்டார்கள். சிவபாதம் காரை எடுக்கவில்லை.

"போன மாரியில அவனுக்கு ஸ்ட்ரோக் வந்தது" என்றார். "மனிசியும் விட்டிட்டுப் போயிட்டா. வெக்ஸ்போர்டில ஒரு பேஸ்மென்ட்டில தனியக் கிடக்கிறான். தனிய இருந்தா ஒண்டும் தின்னான். நான் போய்ப் பக்கத்தில இருந்து தின்றால் அவனும் தின்னுவான்."

"அப்ப வீட்டில ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பிடாட்டி நீர் ஏனெண்டு கேட்பீர்."

அது உண்மை. கேட்டிருப்பாள்.

"அங்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே?"

"ஒற்றைக் கையால சமைச்சு வைச்சுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பானப்பா. எப்பிடி வேண்டாமெண்டுறது?"

ஜெயமலர் அழுதாள். அவளுக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. தெருவில் உள்ளவன் எல்லாம் வந்து கதை சொல்லுகிற தன்னிடம் சொந்தப் புருஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லப் பயம். பிள்ளைகளை ஏற்றிய பஸ்ஸில் நித்திரை தூங்கும்வரை பயம். நான் அவ்வளவு பொல்லாதவளா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்லுவார். அதனால் கேட்கவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்தாள். "ஒற்றைக் கையால என்னத்தைச் சமைக்கிறவன்?"

"எல்லாம் செய்வான். நேற்று இறால் குழம்பு."

"இறாலோ? ஒற்றைக் கையால எப்பிடிக் கோது உரிச்சவன்?"

"தெரியாது. கேக்கேல்லை."

கேட்கவில்லையாம்! ஜெயமலர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "போனைப் போட்டு ஆறு மணிக்கு வாறம் எண்டு சொல்லுங்கோ. நானும் வாறன். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிப் போடாதேங்கோ."

வெக்ஸ்போர்டில் கதவைத் திறந்த கிருபனை அவள் மட்டுக்கட்டவே கொஞ்ச நேரம் எடுத்தது. ஆள் பாதியாகிவிட்டான். வலக்கை பக்கத்தில் தொங்கியது. "வாங்கோ அண்ணி" என்றான். இடக்கையால் கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"நான் உன்னோட கதைக்க வரேல்லை. சாப்பிட வந்தனான்" என்றாள் ஜெயமலர்.

சோறும் மீன் குழம்பும் முருங்கையிலை வறையும். உப்பு அளவாக இருந்தது, அதுகூட அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். சிவபாதம் வயிறாரச் சாப்பிட்டு, கொண்டுவந்த சிவப்பு வில்லைத் தண்ணியைக் குடித்து, சோபாவில் சாய்ந்தார். வெளியில் வெயில் இன்னும் எறித்துக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டையும் சுமந்து திரிந்த மனுசன், கால் நீட்டிய கையோடு வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். முனகலும் இல்லை, புரளலும் இல்லை.

மேசையில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். கிருபன் தட்டுகளை அடுக்கப் போனான், ஒன்று கடகடத்தது. "ஸ்ஸ்" என்றாள் ஜெயமலர். அவன் அப்படியே வைத்துவிட்டு இருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனுசன் தூங்குகிறார், அதை அவள் எதற்காகவும் குழப்ப மாட்டாள். கதைப்பதென்றால் மெல்லத்தான் கதைக்க வேண்டும். மெல்லிய குரலில் சண்டை பிடிக்க அவள் பழகியதில்லை.

ஊர் உலகத்தில் எல்லாரிடமும் எல்லாம் கேட்டவள், இவனிடம் ஒன்றை மட்டும் இத்தனை காலமாகக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேசைக்கு மேலால் குனிந்தாள்.

"ஏன்ரா அண்டைக்கு மைக்கில அப்பிடிச் சொன்னனீ?" என்று குசுகுசுத்தாள்.

கிருபன் சோபாவை ஒருக்கால் பார்த்தான். பிறகு சத்தம் வராமல், இடக்கையால் தான் இருந்த கதிரையைத் தூக்கி அவளுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்தான்.