அனைவரும் வருக, அனுமதி இலவசம்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. ருக்சார் என்ற பெண், தன் வேனுக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்து ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். கடிதத்தை ஒப்பேற்றிவிட்டு, விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வட்டாரத்தில் இதற்குக் 'கரு கிடைத்தது' என்று பெயர்.

இதழாசிரியர் வெள்ளிக்கிழமைக்குள் கதை வேண்டும் என்கிறார். ருக்சாரின் இறுதி முறையீட்டுக்கும் அதே வெள்ளிதான் கெடு, மாலை ஐந்து மணி. இன்று புதன். இரண்டில் எதை முதலில் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

சிராங்கூன் சாலையின் மல்லிகை வாசத்தில் அந்த மாலைப்பொழுது மெல்ல மெல்ல—

[வேண்டாம். சிங்கப்பூரின் தேக்காவைப் பற்றி எழுதும் எல்லாரும் மல்லிகையில்தான் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தில் வீசியது குப்பைத்தொட்டி வாசம்.]

இரண்டாம் முயற்சி:

கணவனை இழந்து, கைக்குழந்தையோடு தன்னந்தனியாகப் போராடும் ருக்சாரின் கண்களில்—

[இதுவும் வேண்டாம். அவள் கணவர் நசீர் மார்சிலிங் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், ஞாயிறுதோறும் பூப்பந்து ஆடுகிறார். கொஞ்சம் இரக்கம் கிடைக்குமே என்று முறையீட்டுக் கடிதத்தின் முதல் வரைவிலும் அவரைக் கொன்றிருந்தேன். ருக்சார் படித்துவிட்டு, "அண்ணே, எங்க வூட்டுக்காரரு எதுக்கு இதுல மௌத்தாயிட்டாரு?" என்று கேட்டாள். உயிர் கொடுத்துவிட்டேன்.]

மூன்றாம் முயற்சி. நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை, மாலை நான்கு மணி. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி ஹால். என் மூன்றாவது சிறுகதைத் தொகுப்பின் வெளியீடு. கட்டடத்தின் பக்கவாட்டில் ஆறு வண்டிகள் நிற்கிற தனியார் இடம். அங்கே ஒரு கம்பத்தில் பலகை: பெர்மிட் உள்ள வாகனங்கள் மட்டும், மற்றவற்றுக்குச் சக்கரத்தில் பூட்டுப் போடப்படும்.

ருக்சார், அப்துல் கையூம் என்பவரின் கேட்டரிங்கில் வேன் ஓட்டுகிறாள். அறுபது பேருக்கு மீஹூன் நூடுல்ஸும் வடையும் கொண்டுவந்தாள். ஹாலில் பதினோரு பேர் இருந்தோம்.* அவள் கடைசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது நான்தான் நிறுத்தினேன்.

"அஞ்சு நிமிஷம் முன் வரிசையில உக்காரும்மா. போட்டோ எடுக்குற வரைக்கும்."

"வேன் கீழ நிக்குதுண்ணே."

"அது எங்க போயிடப்போவுது?"

ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வாழ்த்துரை மூவர் வழங்கினார்கள், நான் ஏற்புரை வழங்கினேன். அவள் கீழே இறங்கியபோது முன் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. பக்கத்தில் நின்ற ஆள் பூட்டைத் திறக்க இருநூறு வெள்ளி கேட்டார். கொடுத்து வேனை எடுத்துப் போனாள்.

* ருக்சாரையும் ஒலிபெருக்கிக்காரரையும் சேர்த்து. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கடைசிவரை இருந்தார்.

3

இந்தப் பாத்திரத்தின்மீது எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பூட்டுக்காக யாராவது இத்தனை கவலைப்படுவார்களா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"கிச்சன்ல ஆறு வருஷம் வெங்காயம் உரிச்சேன்ணே. நாலாவது தடவதான் லைசென்ஸ் பாஸானேன். இப்ப வேன்ல ஏறி கதவ சாத்துனா, யாரும் என்னை 'ஏய் இங்க வா'ன்னு கூப்பிட முடியாது லா. காசு போனா போவுது. 'உன் தப்பு இல்லன்னு அவங்க எழுதிக் குடுத்தா சாவிய வச்சுக்க, இல்லன்னா மறுபடி கிச்சன்'னு பாஸ் சொல்லிட்டாரு."

கதை இவ்வளவுதான். ஒரு பெண், ஒரு வேன் சாவி, வெள்ளிக்கிழமை ஐந்து மணி. இதில் நான் எங்கிருந்து வந்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

4

முதல் முறையீட்டுக்குக் கட்டட நிர்வாகத்திடமிருந்து வந்த பதிலில் நான்கே வரி. பலகை தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட்டுள்ளது, ஓட்டுநர் கவனித்திருக்க வேண்டும், சான்று இணைப்பில். இணைப்பில் திங்கட்கிழமை எடுத்த ஒரு படம், பலகை பளிச்சென்று இருந்தது. புதிய ஆதாரம் இருந்தால் மட்டும் இன்னொரு முறை எழுதலாமாம்.

அருமையான கடிதம். நான் பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களை நிராகரித்துக் கடிதம் எழுதுகிறவன், இருபத்திரண்டு வருட அனுபவம். தொழிலாளிக்குத் தொழிலாளி கை கொடுக்கத் தோன்றியது. எங்கள் முறையீடோ ஆறு பக்கம் போயிருந்தது, இரண்டாம் பக்கத்தில்தான் வேன் வருகிறது.

"அன்னைக்கு அங்க போர்டே தெரியலண்ணே," என்று ருக்சார் அடித்துச் சொல்கிறாள். அப்படியானால் பலகையை எதுவோ மறைத்திருக்க வேண்டும். எது?

அ) தீபாவளித் தோரணம். [தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.]

ஆ) மரக்கிளை. [அந்தச் சந்தில் மரமே கிடையாது.]

இ) வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே—

[எழுதிக்கொண்டே போகலாம். எனக்குக் கற்பனை வளம் உண்டு என்று ஒரு விமர்சகர் சொல்லியிருக்கிறார்.]

5

[இந்தப் பகுதியை இரண்டு முறை அழித்துவிட்டேன்.]

பலகையை மறைத்தது என் முகம்.

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் கட்டடத்தைத் தவறவிட்டுத் தேக்காச் சந்தைவரை போய்விடுவார்கள். அதனால் நான் மூன்று மணிக்கே வந்து, நாலு பிளாஸ்டிக் வார்களால் என் வெளியீட்டு விழாச் சுவரொட்டியை அந்தக் கம்பத்தில் கட்டினேன்,* விழா முடிந்ததும் அவிழ்த்துவிட்டேன். பலகையின் அளவும் சுவரொட்டியின் அளவும் ஒன்றாக இருந்தன. என் படம், என் பெயர், கீழே 'அனைவரும் வருக, அனுமதி இலவசம்'. படம் இருபது வருடத்துக்கு முந்தியது, நிறைய முடியோடு.

அதனால்தான் முதல் கடிதத்துக்காக ருக்சார் நடந்ததைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தபோது, இப்படிச் சொன்னாள்:

"ரிவர்ஸ் எடுக்குறப்ப பாத்தேன்ணே. ஏதோ எலெக்‌ஷன் போஸ்டர் மாட்டியிருந்துச்சு. எடுக்க மறந்துட்டாங்க போல."

"அதெல்லாம் எழுதாதம்மா. அரசியல் ஆயிடும்."

ஆறு பக்கக் கடிதத்தில் வெட்டப்பட்ட ஒரே வாக்கியம் அது. அவளைக் காப்பாற்றக்கூடியதும் அது ஒன்றுதான். அவள் சரி என்று தலையாட்டினாள், எழுத்தாளர் சொன்னால் சரியாக இருக்கும் என்று. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

* பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. நான் பேருந்தில் வருகிறவன்.

 பொய். படித்தேன். ஒரு மாலை நேரம்தானே என்று நினைத்தேன்.

6

ஆதாரம் இருக்கிறது. சிறப்பு விருந்தினரை வரவேற்கக் கீழே இறங்கியபோது சுவரொட்டியோடு சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்தேன். தொப்பை தெரிந்ததால் எங்கும் போடவில்லை. அதில் என் தோளுக்குப் பின்னால் கம்பம், கம்பத்துக்குப் பின்னால் ருக்சாரின் வேன். எண் முழுசாகத் தெரிகிறது, நேரம் 4.12 என்று பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு படம் வந்தால் எப்படி நிராகரிப்பது என்று எனக்கே தெரியாது.

பிறகு ஏன் அனுப்பவில்லை? அந்த இடமும் ஹாலும் ஒரே முதலாளியுடையவை. எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை ஹாலை இலவசமாகத் தருகிறார்கள். செயலாளர் ஜமால் முகம்மது இரண்டு வருடம் நடையாய் நடந்து வாங்கிய சலுகை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் அவரிடம் கேட்டேன்.

"ஜமால், நம்ம ஆளு ஒருத்தரு அவங்க போர்டுமேல போஸ்டர் கட்டுனதா தெரிஞ்சா என்னா ஆகும்?"

"அன்னைக்கே ஹால் போயிடும் லா. யாரு கட்டுனா?"

"கதைக்காகக் கேக்குறேன்."

"தனா, உன் கதையில எல்லாம் எதுவுமே நடக்காதே. இப்ப என்ன புதுசா?"

பழியை ஜமால்மீது போட்டு இந்தப் பகுதியை முடித்துவிட நினைத்திருந்தேன். இலக்கியத்தின் நலன் கருதி என்று ஒரு வரிகூட வைத்திருந்தேன். ஆனால் நேற்று அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கரத்தில் இன்னும் பூட்டு இல்லை. அதாவது அப்போதே மேலே போய், "வேன எடுத்துரும்மா, அங்க நிறுத்தக் கூடாது" என்று சொல்லியிருக்கலாம். வேன் நிற்பதைப் பார்த்தேன். பலகை என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் பதினோரு பேர் பத்தாகிவிடும் என்று பேசாமல் மாடியேறினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் வேன் ஓட்டுகிறவர் இல்லை என்பதால்.

7

முடிவுகள்.

முதலாவது: கட்டடத்து முதலாளி மனம் இரங்கிக் கட்டணத்தை ரத்து செய்கிறார், ஹாலும் எங்களுக்கே— [நான் இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்தில் இருக்கிறேன், இப்படி நடந்து பார்த்ததில்லை.]

இரண்டாவது: ருக்சார் சமையற்கட்டுக்குத் திரும்பி, வெங்காயம் உரித்தபடி என் புத்தகத்தைப் படித்து, ஒரு வரியில் கண்ணீர்— [சீ. வெங்காயம் உரிக்கிறவள் கண்ணீருக்கு நான் உரிமை கொண்டாடக் கூடாது.]

மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை கடந்திருக்கும். நான் படத்தை அனுப்பியிருப்பேன், அல்லது அனுப்பாமல் இருந்திருப்பேன். என் வார்த்தையை நம்பாதீர்கள். இதுவரை படித்ததில் எத்தனை முறை மாற்றிச் சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், மூன்றாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி. முதலில் தேக்காவுக்குப் போங்கள், பேருந்தில். இரண்டாம் மாடி ஹாலில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்து, நான் மேடையில் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், சாப்பாட்டைத் தூக்கி வருகிறவர் முன்பின் தெரியாத ஒருவராக இருப்பார். வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள், என்னோடு பேச வேண்டாம்.

ஹால் பூட்டிக் கிடந்தால் பொங்கோலுக்கு ரயிலேறுங்கள். நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும், ஜமால் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்று எண்ணாதீர்கள். வேன் வந்து நின்று, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு ருக்சார் இறங்கினால், பாத்திரங்களை இறக்க ஒரு கை கொடுங்கள். தயவுசெய்து அவளை முன் வரிசையில் உட்காரச் சொல்லாதீர்கள். அவளுக்கு அடுத்த டெலிவரி இருக்கும்.