பேருந்துக்குப் பதினெட்டு லிட்டர்

1

ரதோஸ்தினா படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். தோளில் கோட்டு இல்லை. ஒரு கையில் செல்போன், மறு கையில் கசங்கிய விடைத்தாள். மேல்மாடியிலிருந்து பென்காவின் குரல் துரத்தியது: "சாயங்காலத்துக்குள்ள எனக்குக் கையெழுத்து வேணும்! சொல்லிட்டேன்!"

(இப்படித் தொடங்கினால்தான் நீங்கள் அடுத்த பத்திக்கு வருவீர்கள். அவள் உண்மையிலேயே ஓடினாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். "ஓடினேன்" என்று அவள் சொன்னாள். நான் படிகளைச் சேர்த்தேன்.)

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ரதோஸ்தினா என் கீழ்வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். போன செப்டம்பரில் சோஃபியாவில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். மிளகாய் சுடும்போது எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்வதில்லை.

[கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன். அப்போதுதான் அதிகம் சொல்வார்கள். கை வேலையாக இருக்கும், முகம் புகைக்குள் இருக்கும்.]

2

எல்லாம் காகிதத்தில் நடந்த காலம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாடு நாடாக ஒரே தேர்வு வைத்து, எந்த நாட்டுப் பள்ளிகள் உசத்தி, எவை மட்டம் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் வந்த அன்று எங்கள் தொலைக்காட்சியில் வேறு செய்தியே இருக்காது. பல்கேரியாவின் பெயர் எங்கே என்று கீழிருந்து தேடுவது எங்கள் வழக்கம்.

ரதோஸ்தினா சோஃபியாவில் தாள் திருத்தும் கூடத்தில் இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். இரண்டு பேருந்துகளின் நேர அட்டவணையைப் பார்த்து, எதில் போவது நல்லது, ஏன் என்று மாணவர் இரண்டு வரி எழுத வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் வந்த அந்த இரண்டு வரிகளை நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஒரு தாளில் விடை இப்படி இருந்தது: பதினெட்டு லிட்டர்.

அடுத்த தாளிலும் பதினெட்டு லிட்டர். அதற்கடுத்ததிலும். அதே கட்டில் ஆறு தாள்கள். ஒவ்வொன்றிலும் விடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் படம். ஒருவன் செதில்கூடப் போட்டிருந்தான்.

ரதோஸ்தினா சிரிக்கவில்லை. அவசரமாகத் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் கூடத்தின் தலைவி பென்கா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன மறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல மேடம். ஏதோ கிறுக்கியிருக்காங்க."

"காட்டு." பென்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "பதினெட்டு லிட்டரா? இது பெயிண்ட் கேள்விக்கு விடை. சுவத்துக்கு எவ்வளவு பெயிண்ட் வேணும்னு கேட்டிருப்பாங்களே, அது. ஆனா இந்தத் தாள்ல அந்தக் கேள்வியே கிடையாதே!"

"கிடையாது."

"அப்போ இவங்களுக்கு எப்படித் தெரியும்?" பென்கா உட்கார்ந்தேவிட்டாள். "கேள்வித்தாள் முன்கூட்டியே வெளிய போயிருக்கு. ஹெட்மாஸ்டர் வித்திருக்கான். விடையைச் சொல்லிக்கொடுத்தவன், எந்தக் கேள்விக்குன்னு சொல்ல மறந்துட்டான். அறிக்கை எழுது, நானும் போடுறேன் கையெழுத்து."

3

இங்கே கொஞ்சம் நிற்போம்.

கட்டின்மேல் பள்ளியின் பெயர் இருக்காது. வெறும் எண்தான். எந்த எண் எந்தப் பள்ளி என்பது பென்காவுக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவள் அந்தப் பக்கம் போனதும் ரதோஸ்தினா நேராக ஓடிப்போய் அழைத்தது கமென்ரித் என்ற மலையடிவார ஊரின் தலைமையாசிரியரை. பெயர் மெத்தோடி. அதற்கு மூன்று வருடம் முன்பு வரை அவளுடைய கணவர்.

"அந்தப் பள்ளிதான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மீனைப் பாத்தேன்" என்றாள். "உப்பை எடுங்க, எழுத்தாளரே."

சரி, மீன் மெத்தோடியுடையது என்று எடுத்துக்கொண்டு கதையை எழுதினேன். பாதி எழுதிய பிறகு உறுத்தியது. மெத்தோடி வரலாற்று வாத்தியார். கடைக்காரன் தரும் மீதிச் சில்லறையைக்கூடச் சரிபார்க்கத் தெரியாதவர் என்று அவளே முன்பொரு நாள் சொல்லியிருக்கிறாள். கணக்கில் மீன் போட அவருக்கு ஏது கணக்கு?

இந்தச் சந்தேகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

4

"மெத்தோடி, நான்தான்."

"அட! மூணு வருஷம் கழிச்சு! யாரு செத்துப்போனாங்க?"

"விளையாடாதே. உன் ஸ்கூல்ல உலகத் தேர்வு நடந்துச்சுல்ல?"

"நடந்துச்சே. பசங்க பிரமாதமா எழுதினாங்க."

"எங்க பிரமாதம்? பஸ்ஸைப் பத்திக் கேட்டா பதினெட்டு லிட்டர்ங்கிறான்."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"ஐயையோ. தாள் வேற வேறயா?"

"பக்கத்துல இருக்கிறவனுக்கு ஒரு தாள், இவனுக்கு வேற தாள். அது எல்லா நாட்டுலயும் அப்படித்தான்."

"அது தெரியாம இந்தப் பாவிங்க பிட்டு* அடிச்சிருக்கானுங்களே!"

"நீ எங்க இருந்தே?"

"ஜன்னல்கிட்ட. பனி விழுதான்னு பாத்துட்டிருந்தேன்."

"ஏப்ரல்லயா?"

"எங்க ஊரு ஏப்ரல் உனக்கு மறந்துபோச்சா?"

"மார்க்கு கிடையாது, பேரு போடுறது கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. எதுக்குய்யா காப்பி?"

"தெரிஞ்சவன் தெரியாதவனுக்குக் கொடுக்கலேன்னா நாளைக்கு அவன்கூட யாரு பேசுவா? ஏன், நீ எனக்குக் கொடுக்கலையா? நம்ம கல்யாணமே உன் பிட்டுல ஆரம்பிச்சதுதானே."

"அது முடிஞ்ச லட்சணத்தையும் சேத்துச் சொல்லு." ரதோஸ்தினா குரலைத் தாழ்த்தினாள். "கேள்வித்தாள் வித்துட்டேன்னு இங்க எழுதச் சொல்றாங்க. எழுதினா உன் வேலை போயிடும்."

"ஸ்கூலும் போகும். எப்படா மூடலாம்னுதான் பாக்குறாங்க."

"அப்போ ஒளிக்காம சொல்லு. எல்லாரும் யாரைப் பாத்து எழுதினாங்க?"

"இவெலினாவைப் பாத்து."

"யாரு அது?"

"பேரு மட்டும்தான் இங்க இருக்கு. ஆள் அப்பா அம்மாவோட ஸ்பெயின்ல தக்காளி பறிக்குது. பேரை அடிச்சா அரசாங்கம் தலைக்கு இவ்வளவுன்னு தர்ற பணம் நின்னுடும், அதனால விட்டு வெச்சேன். தேர்வு நடத்துறவனுங்க யாரெல்லாம் எழுதணும்னு குலுக்கிப் போட்டதுல அந்தப் பேரே விழுந்துடுச்சு. காலி பெஞ்சைக் காட்டச் சொல்றியா?"

"அந்த பெஞ்சுல யாரை உக்கார வெச்சே?"

[மெத்தோடி பெயரைச் சொன்னார். முற்றத்தில் ரதோஸ்தினா என்னிடம் அதைச் சொல்லவில்லை. அந்த இடம் வந்ததும் அடுப்பைக் குனிந்து ஊதினாள். அது மின்சார அடுப்பு.]

* பிட்டுக்கு எங்கள் மொழியில் பெயர் கைத்துப்பாக்கி. எங்களில் சுடாதவர்கள் இல்லை.

5

ஆகவே அந்தப் பெஞ்சில் ஆள் வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் ஓர் ஏழைச் சிறுமியை உட்கார வைத்தேன். பள்ளி ஒதுக்கிய சேரிப் பெண், ஆனால் கணக்கில் புலி. மூன்று பக்கம் எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. உடனே கிழித்தேன். கண்ணீர் அவ்வளவு சுலபமாக வந்தால் அந்தக் கதையை நான் நம்புவதில்லை.

பிறகு மெத்தோடியையே மீசையை மழித்து உட்கார...

இல்லை. அவருக்குக் கணக்கு வராது.

உண்மையில் என் சந்தேகமெல்லாம் ரதோஸ்தினா மேல்தான். ஆறு தாள்களைக் கவிழ்த்தபோது அவள் யாரைக் காப்பாற்றினாள்? விட்டு வந்த கணவனுக்காக ஒருத்தி கோட்டுக்கூடப் போடாமல் ஓடுவாளா?

இன்னொரு சந்தேகமும் உண்டு, அது பெரியது. பட்டியலில் எங்களுக்கு மேலே இருக்கும் நாடுகளில் ஜன்னல்களே இல்லையா? அங்கே பனி விழுகிறதா என்று பார்க்கும் தலைமையாசிரியர்கள் இல்லையா? அல்லது அங்கே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எதையுமே கொடுப்பதில்லையா? அப்படியானால், அது எந்தப் பாடத்தில் முதலிடம்?

6

ரதோஸ்தினா திரும்ப மாடி ஏறினாள். பென்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இனி மூன்று வழி.

அ. "கேள்வித்தாள் வெளியானது" என்று கையெழுத்திடுகிறாள். மெத்தோடி வீட்டுக்குப் போகிறார். கமென்ரித் பிள்ளைகள் அடுத்த வருடத்திலிருந்து வேறு ஊர்ப் பள்ளிக்குப் பேருந்தில் போகிறார்கள். எந்தப் பேருந்து நல்லது என்று அப்போது கற்றுக்கொள்வார்கள்.

ஆ. நடந்ததை நடந்தபடி எழுதுகிறாள். பிட்டு, ஜன்னல், ஸ்பெயின், தக்காளி, பெஞ்சில் உட்கார்ந்த ஆளின் பெயர். மெத்தோடி போவது இதிலும் உறுதி. கூடவே அந்தப் பெயருக்கு உரியவரும் மாட்டுகிறார்.

இ. பென்காவிடம் இப்படிச் சொல்கிறாள்: "மேடம், இது திருட்டு இல்ல. பசங்களுக்குக் கேள்வியே புரியல. சுத்த மக்குங்க. எல்லாத்துக்கும் முட்டை போட்டுடுவோம்." பென்கா நம்பிவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. நாடு பட்டியலில் ஒரு படி இறங்கும். இராத்திரிச் செய்தியில் ஒருவர் நம் பிள்ளைகளின் மூளையைப் பற்றிக் கவலைப்படுவார்.

எங்கள் நாடு அந்த வருடம் இறங்கத்தான் செய்தது. ஆனால் அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், நாங்கள் வேறு காரணங்களாலும் இறங்கக்கூடியவர்கள். அவள் எதில் கையெழுத்திட்டாள் என்று கேட்டேன். "நீங்கதானே எழுத்தாளர், நீங்களே போடுங்க" என்றாள். நான் போட மாட்டேன். பேனா உங்களிடம்.

எனக்குத் தெரிந்த கடைசி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

7

போன ஞாயிறு மறுபடி மிளகாய். இந்த முறை ரதோஸ்தினாவின் மகள் தில்யானா உதவிக்கு வந்திருந்தாள். பெற்றோர் பிரிந்தபோது அப்பாவோடு கமென்ரித்திலேயே தங்கிப் படித்தவள். இப்போது வங்கியில் இருக்கிறாள்.

மிளகாய் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டது. விழுதுக்குத் தக்காளி எவ்வளவு சேர்ப்பது என்று ஆளுக்கொரு அளவு சொன்னோம்.

"சண்டை போடாதீங்க, கணக்குப் போட்டாப் போச்சு" என்று தில்யானா ஒரு காலி அட்டைப்பெட்டியைத் திருப்பி, ஒரு பென்சிலை எடுத்தாள். மேலே இரண்டு எண், கீழே ஓர் எண், தெரியாத இடத்தில் ஒரு புள்ளி. குறுக்கே பெருக்கல் குறியாக இரண்டு கோடு. பழக்கத்தில் கை நிற்கவில்லை. கோடுகளின் ஒரு பக்கத்து நுனிகளை வளைத்துச் சேர்த்தாள். மறுபக்கம் வாலாக விரிந்தது. விடை வந்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம், கண்ணாக.

"அழகா இருக்கே. ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்ததா?" என்றேன்.

"ஸ்கூல்ல எங்க? எங்க அம்மா கண்டுபிடிச்சது. எனக்குக் கணக்குன்னா அழுகை, அதனால எனக்காக மட்டும். வேற யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு வகுப்புக்கே தெரிஞ்சுபோச்சு. இல்லம்மா?"

ரதோஸ்தினா சுட்ட மிளகாய்களை அள்ளி அந்த மீனின்மேல் கொட்டினாள்.