எம்.எல்.ஏ.வுக்கு விழுந்த வெள்ளிக்கிழமை

எங்கள் எம்.எல்.ஏ. சிவசங்கருக்கு என் வலையை நான் கொடுத்திருக்கக் கூடாது. போட்டோவுக்குத்தான் என்றார்கள். ‘மீனவர் வீட்டுப் பிள்ளை’ என்று போஸ்டர் ஒட்டியாயிற்று. வலை இல்லாமல் எப்படி நிற்பது? வெள்ளைச் சட்டையோடு ஏரியில் இறங்கினார், வலையை விட்டார், சிரித்தார், போய்விட்டார்.

அவர் வலை விட்ட இடம் பாடு. பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடும் இடத்துக்கு அந்தப் பேர். சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பிடிக்கிறோம். முறை இல்லாத நாளில் வலை நனைந்தால் அடுத்த முறை பறிபோகும். அன்று ஜெரோமின் முறை. எனக்கு வரும் வெள்ளிக்கிழமை. இறால் நன்றாக ஓடும் சமயம். அந்த நாள் போனால் என் வீட்டு அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும்.

ஊர்த்தலைவர் ஆதிநாராயணன் கூட்டத்தில் சொன்னார்: “வலை உன்னுது, தப்பும் உன்னுது தசரதா.”

“போட்டது அந்த ஆளு!”

“அவரு மீனவரா இருந்தா தப்பு அவருது. இல்லேன்னா அசலான் கையில வலைய குடுத்த உன்னுது. இட்டாந்து அவரையே சொல்லச் சொல்லு.”

அந்த ஆளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவர் அப்பன் மீஞ்சூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஆனாலும் அவர் மீனவர்தான் என்று நிரூபிக்க நான் எளாவூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே வயலில் நாற்று முடியைத் தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“மூணு தலைமுறையா ஏர் புடிச்ச குடும்பம் நாங்க! உப்புத்தண்ணி வராம முகத்துவாரத்த மூடிக் காட்றேன்!”

“இன்னா சார், நீ மீனவன் இல்லியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய உதவியாளன் ரஞ்சித்குமார் ஓடிவந்தான். “பெரியவரே, இது விவசாய ஏரியா. அதெல்லாம் கரையில வந்து கேளு.”

எம்.எல்.ஏ. கரைக்கு வந்தார். வராவிட்டால் போஸ்டரைக் கிழிப்போம் என்று ஊர்த்தலைவர் போனில் சொல்லியிருந்தார்.

“நீங்க மீனவரா, இல்லியா?”

“ரத்தத்துலயே இருக்குது தலைவரே.”

“அப்போ நாளைக்கி கடத்தண்ணியும் எறாலும் உள்ள வர முகத்துவாரத்துல மண்ணு வாரி தொறக்கணும். வூட்டுக்கு ஒரு ஆளு. நீங்களும் வந்துடுங்க.”

எம்.எல்.ஏ. உதவியாளனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

“முகத்துவாரத்த தொறக்கணும்ன்றது என் கொள்கை. மூடணும்ன்றதும் என் கொள்கை. ரெண்டுலயும் உறுதியா இருக்கேன்.”

“மண்ணு வாருவீங்களா?”

“கொள்கை அளவுல வாருவேன்.”

தன் வாயாலேயே சொன்னதால் அவர் மீனவர் என்று தீர்ப்பானது. தப்பு அவருடையது, அவர் முறை ரத்து. ஆனால் அவருக்குத்தான் முறையே இல்லையே, எதை ரத்து செய்வது? அதனால் முதலில் ஒரு முறை கொடுப்போம் என்றார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். வெள்ளிக்கிழமை விழுந்தது. எனக்குச் சனிக்கிழமை என்று தள்ளிவைத்தார்கள்.

எம்.எல்.ஏ. எழுந்து, தன்னை ஊரில் ஒருவராகச் சேர்த்ததற்குக் கும்பிட்டு நன்றி சொன்னார். அவர் உட்காருவதற்குள் முறையை ரத்து செய்தார்கள். அதற்கும் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை ஏரியில் ஒரு வலைகூட இறங்கவில்லை. இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது.

“போயி போடேன்யா,” என்றாள் என் பெண்டாட்டி திரௌபதி. “அதான் ரத்தாயிடுச்சே.”

“ரத்தானாலும் அவன் நாளுடி.”

சனிக்கிழமை காற்று மாறிவிட்டது. வலையில் வந்தது குழம்புக்குக்கூடப் பற்றவில்லை. திரௌபதி அதைச் சட்டியில் கொட்டிப் பார்த்தாள்.

“அடுத்த தபா அவனுக்கு ஓட்டு போடுவியா?”

“வெள்ளிக்கிழமையையே குடுத்துட்டேன், ஓட்டு வேறயா?” என்றேன்.